அம்மன் கிணற்றுக்குத் தண்ணீர் கொண்டுபோனோம்

போன மாதம் எங்கள் பழைய ஆஸ்பத்திரியில் ஒரு சின்னக் கூட்டம் வைத்தார்கள். ஓய்வுபெற்ற தாதிமாரைக் கூப்பிட்டு, மாலை போட்டு, தேநீரும் பற்றிசும் தந்து கதைக்கச் சொன்னார்கள். இப்போது வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் மேசையில் ஒரு சின்னப் பொதியை வைத்துக் காட்டினார்கள். நிலக்கடலை, பால்மா, சீனி, எண்ணெய் எல்லாம் சேர்த்து அரைத்த களி அது. மூலையைக் கிழித்து நலிந்த பிள்ளையின் கையில் கொடுத்தால் தானே உறிஞ்சிக்கொள்ளுமாம். அடுப்பும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். நானும் ஒன்றை வாங்கி உறிஞ்சிப் பார்த்தேன். ருசியாகத்தான் இருந்தது, குறை சொல்ல இடமில்லை.

"இது இல்லாத காலத்தில, சண்டைக்குள்ள, மழையும் இல்லாமல் போன நேரத்தில என்ன செய்தனீங்கள் மிஸ்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

"கிணத்துக்குள்ள தண்ணி ஊத்தினனாங்கள்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். கிழவிக்கு அறளை பெயர்ந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். கூட்டத்தில் எனக்குத் தந்த நேரமும் முடிந்துவிட்டது, விளக்கம் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். பெருமைக்கு எழுதுகிறேன் என்று யாராவது நினைத்தால் அதுவும் சரிதான். பெருமைப்பட வேண்டிய இடத்தில் அடக்கமாக இருப்பது எனக்குப் பழக்கமில்லை.

நான் திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் வளர்ந்தவள். தாதிப் பயிற்சி முடித்தேன், இரண்டு பெரிய ஆஸ்பத்திரிகளில் திட்டு வாங்கினேன், திட்டவும் பழகினேன். அதற்குமேல் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சண்டை மும்முரமாக இருந்த வருடங்களில் தம்பலகாமத்துக்கு அப்பால், கண்டி வீதியிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு என்னைப் போட்டார்கள். ஒரு வார்ட்டு, ஒரு மருந்தறை, முன்னால் ஒரு வேம்பு. நிரந்தர டொக்டர் இல்லை. ஓர்ஸ் ஹில்லிலிருந்து டொக்டர் ஞானமுத்து கிழமைக்கு இரண்டு தரம் வருவார், பாதை திறந்திருந்தால்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மெலிந்த, உயரமான மனிதர். ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவர். சத்தம் போட்டுக் கதைத்து நான் கேட்டதில்லை. ஒரு பிள்ளையைத் தொடுவதற்கு முன் இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்குவார். கதிரையில் இருக்க மாட்டார். தாய்மார் இருக்கும் பாயின் ஓரத்தில் ஒரு பலகையைப் போட்டு, அவர்களின் முகத்துக்கு நேரே இருப்பார். தாய்மாரிடம் "ஏன்" என்ற கேள்வியை அவர் கேட்கவே மாட்டார். "பிறகு?" என்றுதான் கேட்பார்.

ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு அதற்குக் காரணமும் சொன்னார். "புனிதம், ஏன் எண்டு கேட்டால் தன்னில குற்றம் பிடிக்கிறம் எண்டு தாய் நினைப்பா. வாயை மூடிடுவா. பிறகு எண்டு கேட்டுப் பாருங்கோ, கதை தானா வரும்."

நான் ஒரு நாளைக்கு நூறு தரம் "ஏன்" கேட்கிறவள். "ஏன் பிந்தி வந்தனீ? ஏன் குளிப்பாட்டேல்ல? ஏன் உந்தப் பிள்ளை உப்பிடிக் கிடக்குது?" இது என் வாய்ப்பாடு. அவர் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, பின்னேரமே மூன்று பேரிடம் "ஏன்" கேட்டேன்.

அந்த முறை மாரி பொய்த்தது. அதற்கு முந்திய மாரியும் அரைகுறை. குளத்தின் நடுவில் மாட்டுவண்டி போனது. வயல்களில் நெல் கதிர் தள்ளாமலே சருகாகிவிட்டது. வீட்டுக் கிணறுகளில் சிலது வற்றின, மிச்சம் உவராகின. காட்டுக்குள் தண்ணீர் இல்லாததால் யானைகள் வளவுகளுக்குள் வந்து வாழையைச் சரித்து, தண்டைப் பிழிந்து சப்பிவிட்டுப் போயின. கடலில் தொழில் செய்யத் தடை, அதனால் மீன் இல்லை. பாதை திறந்தால் லொறி வரும், மூடினால் வராது. சனம் ஒரு நேரக் கஞ்சியில் நாளை ஓட்டியது.

இதற்குள் மண்ணெண்ணெயும் வராமல் நின்றது. எங்கள் தடுப்பூசிப் பெட்டி மண்ணெண்ணெயில்தான் குளிரும். பெட்டி நின்றது, ஊசி நின்றது. தைப்பொங்கல் முடிந்த கையோடு சின்னமுத்து என்ற தட்டம்மை வந்தது. எங்கள் சனம் அதை அம்மாள் வருத்தம் என்பார்கள். வந்தால் அம்மாள் வந்திருக்கிறா, மாறினால் அம்மாள் இறங்கிவிட்டா என்றுதான் கதை.

நல்ல காலம், அதே நேரத்தில் நிவாரண லொறியொன்று ஊருக்குள் வந்துவிட்டது. பிள்ளைகளுக்கென்று சத்துமாப் பொதிகள், எண்ணெய், கருவாடு எல்லாம் வீட்டுக்கு வீடு போயின. நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். இனிப் பிள்ளைகள் தேறிவிடும் என்று மூச்சு விட்டோம்.

பிள்ளைகள் தேறவில்லை. வேப்பமரக் கிளையில் தராசைக் கொழுவி, உடுப்பைக் கழற்றி, துணித்தொட்டிலில் இருத்தி நிறை பார்ப்போம். கிழமைக்குக் கிழமை முள் கீழே போனது. புறங்காலைப் பெருவிரலால் அழுத்திவிட்டு எடுத்தால் குழி அப்படியே நின்றது. அது நல்ல குறி இல்லை என்று எந்தத் தாதிக்கும் தெரியும். சாப்பாடு இல்லாமல் பிள்ளை இளைத்தால் விளங்கும். வீட்டுக்குள் சாப்பாடு போய்ச் சேர்ந்த பிறகு ஏன் இளைக்க வேண்டும்? நகரத்துக் கந்தோரில் அதிகாரிமாரிடையே ஒரு கதை கிளம்பியது. சனம் சத்துமாவை விற்றுத் தின்னுதாம், அடுத்த லொறியை நிறுத்தப்போகிறார்களாம். எனக்கும் அந்தச் சந்தேகம் வராமல் இல்லை.

அந்த நேரத்தில்தான் பூமணி தன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். புருஷன் துறைமுகத்தில் கூலி வேலை. பாதை மூடியதால் வீட்டுக்கு வர முடியாமல் நகரத்தில் நின்றான். பிள்ளைக்கு இரண்டு வயது ஆகப்போகிறது. கிளி என்று கூப்பிட்டார்கள். கிளி மாதிரிக் கதைத்த பிள்ளையாம். எங்களிடம் வந்தபோது அழக்கூடச் சத்தம் இருக்கவில்லை. கை ஒரு முருங்கைக்காய் அளவு. கால் மட்டும் வீங்கி மினுங்கியது. தலைமயிர் செம்பட்டையாகி, தொட்டால் கையோடு வந்தது.

இப்படியான பிள்ளைக்குச் செய்ய வேண்டியதை இந்தக் காலத்துப் பிள்ளைகள் புத்தகத்தில் படிக்கிறார்கள். எங்களுக்கு டொக்டர் கையைப் பிடித்துக் காட்டினார். முதலாவது, பசித்த பிள்ளைக்கு வயிறு நிறையக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் இதயம் தாங்காது. இரண்டாவது, வெயில் எரித்தாலும் பிள்ளையைச் சூடாக வைத்திருக்க வேண்டும். அதன் உடம்பில் சொந்தமாகச் சூடு இல்லை. தாயின் நெஞ்சோடு தோலுக்குத் தோல் ஒட்டி வைத்து, மேலே துணியால் சுற்றி, தலைக்குக் குல்லா போடுவோம். பங்குனி வெயிலில் குல்லாவா என்று பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். மூன்றாவது, பால். கொதித்தாறிய தண்ணீரில் பால்மாவும் சீனியும் கரைத்து, அதில் அளந்து எண்ணெய் விட்டு, எண்ணெய் மேலே மிதக்காமல் சேரும்வரை அடிக்க வேண்டும். இரவு பகல் பார்க்காமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம், சின்னக் கோப்பையில், கரண்டியால். எண்ணெயில்தான் பலம் இருக்கிறது. அதை விட்டுவிட்டால் பால் வெறும் வெள்ளைத் தண்ணீர்.

நான் பாலை அடித்துக் கொடுப்பேன், பூமணி வாங்கிப் பருக்குவாள். ஒவ்வொரு முறையும் கோப்பை வெறுமையாகத் திரும்பி வரும். நல்ல தாய் என்று நினைத்தேன். ஆனால் காலையில் தராசில் போட்டால் நிறை அசையவில்லை. பிறகு இறங்கவும் தொடங்கியது. கண் பாதி திறந்தபடி கிடந்தது. இப்படியே போனால் இந்தக் கிழமையைத் தாண்டாது என்று எனக்குத் தெரிந்தது. டொக்டருக்கும் தெரிந்தது.

ஒரு காலை, யன்னலுக்கு வெளியே இருந்த குரோட்டன் பூச்சாடிக்கு ஊற்றத் தண்ணீர் இல்லாவிட்டாலும் அதன் சருகையாவது அள்ளுவோம் என்று போனேன். சாடியைச் சுற்றி எறும்பு. கறுப்பெறும்பு, சிவப்பெறும்பு, ஊரிலுள்ள எறும்பெல்லாம் கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி. மண்ணில் எண்ணெய் மினுங்கியது. யன்னலுக்கு அந்தப் பக்கம் பூமணியின் பாய். கோப்பைப் பாலெல்லாம் இங்கேதான் போயிருக்கிறது.

"எடியே!" என்று கத்திக்கொண்டு வார்ட்டுக்குள் ஓடினேன். அன்று டொக்டர் வரும் நாள். வாசலில் நின்றவர் என் முகத்தைப் பார்த்தார், ஒரு கையை உயர்த்தினார். அந்தக் கைக்கு மட்டும் நான் அடங்குவேன். எறும்பைப் பற்றிச் சொன்னேன். அவர் பலகையை எடுத்துப் பூமணியின் பாய்க்குப் பக்கத்தில் போட்டு இருந்தார். உள்ளங்கையைத் தேய்த்தார். கிளியின் தலையில் கையை வைத்தபடி கதையைத் தொடங்கினார்.

"தங்கச்சி, பிள்ளைக்கு அம்மாள் எப்ப வந்தது?"

"பொங்கல் முடிய சேர்."

"பிறகு?"

"பிறகு பத்தியம் காத்தம். மீன் தொடேல்ல, முட்டை தொடேல்ல, எண்ணெய் தொடேல்ல. வீட்டில வறுக்கேல்ல, தாளிக்கேல்ல. கஞ்சித் தண்ணியும் இளநீரும்தான்."

"பிறகு?"

"பிறகு அம்மாள் இறங்கீட்டா. தோல் உரிஞ்சு சுகமாப் போச்சு."

"பிறகு?"

பூமணி தலையைக் குனிந்தாள். கண்ணீர் பிள்ளையின் குல்லாவில் விழுந்தது. "பிறகு தண்ணி வார்க்கேல்ல சேர். தண்ணி வார்க்காமல் என்னண்டு எண்ணெய் குடுக்கிறது? மிஸ்ஸி பாலுக்குள்ள எண்ணெய் விடுறதைக் கண்டனான். அம்மாள் திரும்பி வந்தால் என்ர பிள்ளை தாங்குமோ?"

எங்கள் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். அம்மாள் இறங்கிய பிறகு வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைப் பிள்ளையின் தலையில் வார்க்க வேண்டும். வார்த்தால்தான் பத்தியம் முடியும். எனக்கும் சின்ன வயதில் வார்த்தார்கள். அன்றைக்கு அம்மா பொரித்துத் தந்த மீனின் ருசி இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது. ஆனால் நகரத்தில் குழாயைத் திறந்து வார்த்துவிடுவோம். பூமணியின் ஊரில் முதல் வாளி அம்மன் கோயில் கிணற்றிலிருந்துதான் வர வேண்டும். அது அவர்களின் வழமை.

"கோயில் கிணறு மாசியிலயே வத்திப் போச்சு" என்றாள் பூமணி.

"ஊரில வேற ஆருக்கெல்லாம் தண்ணி வார்க்கேல்ல?" என்று கேட்டார் டொக்டர்.

"ஒருதருக்கும் வார்க்கேல்ல சேர். எல்லாப் பிள்ளையளும் பத்தியத்திலதான் கிடக்குதுகள்."

டொக்டர் என்னிடம் மெதுவாகக் கேட்டார். "புனிதம், சத்துமா என்னண்டு செய்து வாறது?"

"வறுத்து அரைச்சு வாறது சேர்" என்றேன். சொல்லி முடிக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. வறுத்த மா. அம்மாள் குடியிருக்கும் வீட்டில் வறுத்த சாமானை யார் தொடுவார்கள்? எண்ணெயை யார் தொடுவார்கள்? கருவாட்டை யார் தொடுவார்கள்? நாங்கள் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தது முழுக்க, தண்ணீர் வார்க்காமல் அவர்கள் தொடக்கூடாத சாமான்.

நான் உடனே ஒரு வழி சொன்னேன். "சேர், இதுவும் மருந்துதான் எண்டு சொல்லிக் குடுப்பம். மருந்தெண்டால் குடுப்பாள்."

அவர் தலையை ஆட்டினார். "சொல்லலாம். ஒரு பிள்ளை தப்பும். பொய் எண்டு தெரியவந்தால் ஊரில ஒரு தாயும் பிறகு உங்களிட்ட பிள்ளையைத் தரமாட்டா. மற்றப் பிள்ளையளை என்ன செய்யப் போறீங்கள்?" சொல்லிவிட்டுப் பூமணியிடம் திரும்பினார். "தங்கச்சி, எண்ணெய் விடாமல் பாலும் சீனியும் மட்டும் தந்தால் குடுப்பீங்களோ?"

"ஓம் சேர், அது குடுக்கலாம். பாலுக்குப் பத்தியம் இல்லை."

"அப்ப அதைக் குடுங்கோ. அது கொஞ்சத்துக்குத்தான் தாங்கும், புனிதம். அதுக்குள்ள கிணத்துக்குத் தண்ணி கொண்டுவருவம்."

அவர் பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார். நானும் ஏறினேன்.

ஊரில் முதல் வீட்டுக் குசினிக்குள் போய் மேலே பார்த்தேன். புகையேறிய பறணில் சத்துமாப் பொதிகள் அடுக்கியபடி இருந்தன. ஒன்றும் பிரிக்கப்படவில்லை. எண்ணெய்ப் போத்தலின் மூடியில் வேப்பிலை செருகியிருந்தது, கைமறதியாகக்கூட யாரும் திறந்துவிடக் கூடாது என்று. இரண்டாவது வீட்டிலும் அப்படி. மூன்றாவது வீட்டிலும் அப்படி. பசியால் நடக்க முடியாத தாய்மார், தலைக்கு மேலே இருந்த சாப்பாட்டில் ஒரு பிடியும் தாங்களும் தொடவில்லை, விற்கவும் இல்லை. கந்தோரில் கதை கட்டியவர்களைக் கொண்டுவந்து அந்தப் பறணுக்குக் கீழே நிறுத்த வேண்டும் போல் இருந்தது எனக்கு. எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

கோயில் பூசை செய்கிறவரை அங்கே கட்டாடியார் என்பார்கள். சடையப்பர் என்று பெயர். இடுப்பில் மஞ்சள் துண்டு, கண்ணில் கண்டிப்பு. அவருடைய பேத்தியும் பத்தியத்தில் கிடந்தாள். டொக்டர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கோயில் மணலில் அவருக்கு முன்னால் இருந்தார்.

"ஐயா, கிணத்தில தண்ணி கிடந்தால் நீங்கள் வார்ப்பீங்களோ?"

"கிடந்தால் ஏன் வார்க்காமல் இருக்கிறன்? ஊத்து வரவேணுமே டொக்டர் ஐயா. தோண்டியும் பாத்தாச்சு."

"ஊத்து வராட்டி, நாங்கள் கொண்டுவந்து ஊத்தினால்?"

கட்டாடியார் அவரை நிமிர்ந்து பார்த்தார். தேவாலயத்துக்குப் போகும் வேதக்காரர் ஒருவர் அம்மாளின் கிணற்றைப் பற்றிக் கேட்கிறாரே என்று யோசித்திருப்பார். பிறகு, "எந்தத் தண்ணி?" என்று கேட்டார்.

"கந்தளாய்க் குளத்துத் தண்ணி. அங்க இன்னும் கொஞ்சம் கிடக்குது. பவுசர் லொறியில கொண்டுவரலாம்."

"கந்தளாயோ?" கட்டாடியாரின் முகம் மாறியது. "அது கோணேசர் கோயிலுக்கெண்டு கட்டின குளமெல்லோ. அந்தத் தண்ணியை அம்மாள் வேண்டாமெண்டு சொல்லமாட்டா. கொண்டாங்கோ. நாங்கள் சேறு அள்ளிக் கிணத்தைத் துப்புரவாக்கி வைக்கிறம்." கொஞ்சம் நிறுத்தி, இன்னொன்றும் சொன்னார். "பிள்ளைக்கு ஒரு வாளி காணும். வீடு கழுவுறது, உடுப்புத் தோய்க்கிறதெல்லாம் மழை வந்தாப் பிறகு செய்யட்டும். நான் அம்மாளிட்டச் சொல்லுறன்."

டொக்டர் எழுந்து கும்பிட்டார். கட்டாடியாரும் கும்பிட்டார். இவ்வளவு லேசாக முடியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு மாதமாக அந்த ஊரே அந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தது போல் இருந்தது.

பவுசர் எடுப்பதுதான் பெரிய பாடு. குடிதண்ணீர்ப் பவுசரைக் கோயில் கிணற்றுக்கு அனுப்புவதா என்று பொறுப்பதிகாரி கையை விரித்தார். டொக்டர் வாதாடவில்லை. சட்டைப் பையிலிருந்து மருந்து எழுதும் துண்டை எடுத்தார். வழக்கமான அழகான கையெழுத்தில், தண்ணீர், ஒரு பவுசர், கிணற்றில் ஊற்றவும் என்று எழுதி, கீழே கையொப்பம் வைத்து நீட்டினார். "நான் எழுதின மருந்துகளிலேயே இதுதான் நிச்சயமா வேலை செய்யும்" என்றார். அதிகாரி துண்டைப் பார்த்தார், டொக்டரைப் பார்த்தார், சிரித்துவிட்டார். சாவி கிடைத்தது.

மறுநாள் காலையே கந்தளாயில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு புறப்பட்டோம். பவுசர் ஓட்டியவர் கிண்ணியா ஹனிபா நானா. நான் முன் சீட்டில் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். டொக்டர் பின்னால் ஜீப்பில். ஹனிபா நானா வழி முழுக்கச் சிரித்தார். "மிஸ்ஸி, நான் கிணத்திலிரிந்து தண்ணி ஏத்திரிக்கன். கிணத்துக்குத் தண்ணி ஏத்துறது இதான் முதல்தரம். ஊட்டுக்குப் போய்ச் சொன்னா நம்ப மாட்டாளுகள்."

இராணுவக் காவலரணில் அந்தச் சிரிப்பு நின்றது. பவுசரைத் திறக்கச் சொன்னார்கள். நீட்டுக் கம்பியை உள்ளே விட்டுக் கிண்டிப் பார்த்தார்கள். எங்கே போகிறது என்று கேட்டார்கள். கிணற்றுக்குப் போகிறது என்றோம். கிணற்றுக்குத் தண்ணீரா? அவர்களின் சந்தேகம் இரட்டிப்பாயிற்று, அதில் பிழையும் இல்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் எண்ணெயில்லாப் பாலில் கிளியின் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு வாய் துறுதுறுத்தது. வாயைத் திறந்திருந்தால் நான் இன்றைக்கும் அங்கேதான் நின்றிருப்பேன்.

ஜீப்பிலிருந்து டொக்டர் இறங்கி வந்தார். அங்கிருந்த சார்ஜன்ட் வயதானவர். அவரிடம் சிங்களத்தில் இரண்டே சொல் சொன்னார்: "தெய்யன்கே லெட." தெய்வத்தின் நோய் என்று அர்த்தம். சிங்களச் சனமும் இந்த வருத்தத்தை அப்படித்தான் சொல்வார்கள், வீட்டு வாசலில் வேப்பிலை கட்டுவார்கள். சார்ஜன்ட் கம்பியை வெளியே எடுக்கச் சொன்னார். பிள்ளைகளுக்கா என்று கேட்டார். ஓம் என்றோம். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் தடையை உயர்த்தச் சொன்னார். பவுசர் கடந்து போகும்வரை அவர் தொப்பியைத் திரும்பப் போடவில்லை.

ஊர் எல்லையில் சனம் நின்றது. சேறு அள்ளிய ஆண்கள் முழங்கால்வரை களிமண்ணோடு நின்றார்கள். கட்டாடியார் வேப்பிலைக் கட்டோடு கிணற்றடியில் நின்றார். ஹனிபா நானா குழாயைக் கிணற்றுக்குள் இறக்கி, என்னைப் பார்த்துத் திருகைத் திறந்தார். தண்ணீர் அடித்தளக் களியில் விழுந்த சத்தம் கேட்டது. உடனே பெண்கள் குரவை போட்டார்கள். எத்தனையோ பிரசவங்களில் பிள்ளையின் முதல் அழுகையைக் கேட்டவள் நான். அந்தக் குரவைச் சத்தத்துக்கும் அப்படித்தான் என் உடம்பு சிலிர்த்தது.

முதல் வாளியைக் கட்டாடியார் இழுத்தார். மஞ்சளும் வேப்பிலையும் போட்டு, "ஆஸ்பத்திரியில கிடக்கிற பிள்ளைக்கு முதல் கொண்டுபோ, பிள்ளை" என்று என்னிடம் தந்தார். தன் பேத்தி வரிசையில் நிற்கும்போதுதான் அதைச் சொன்னார். நான் ஜீப்பில் ஏறி, அந்த வாளியை மடியில் வைத்தேன். குண்டும் குழியுமான பாதை. வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். என் வெள்ளை யூனிபோம் முழுக்க மஞ்சளாயிற்று. ஆனாலும் வாளி முக்கால் பங்குக்குக் குறையாமல் வார்ட்டுக்கு வந்து சேர்ந்தது.

இப்போது எனக்கு வேறு பயம். இப்படியான பிள்ளையைக் குளிப்பாட்டக் கூடாது. குளிர்ந்தால் உயிர் போய்விடும். டொக்டர் வாளியை வேம்பின் நிழலுக்கு வெளியே வெயிலில் வைக்கச் சொன்னார். முழங்கையை விட்டுச் சூடு பார்த்தார். போதாது என்று கொஞ்சத்தை அடுப்பிலும் காட்டச் சொன்னார். பிறகு பூமணியைக் கூப்பிட்டார். "ஒரு கை தண்ணி போதும் தங்கச்சி. நீங்களே வார்த்துவிடுங்கோ. வார்த்தவுடனே மிஸ்ஸி துடைப்பா."

பூமணி கை நிறைய அள்ளினாள். கிளியின் உச்சியில் வார்த்தாள். மஞ்சள் தண்ணீர் நெற்றியில் வழிந்தது. பிள்ளை கண்ணை முழுதாகத் திறந்து, உதட்டுக்கு வந்த சொட்டை நக்கியது. நான் சட்டென்று துடைத்து, குல்லா போட்டு, தாயின் நெஞ்சோடு ஒட்டிச் சுற்றினேன். பூமணி விம்மி விம்மி அழுதாள். நான் அழவில்லை என்று சொன்னால் பொய்.

பிறகு மேசைக்குப் போய்ப் பால் கலந்தேன். சீனி போட்டேன். எண்ணெயை எடுத்தேன். பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பினால் பூமணி, பிள்ளையை நெஞ்சில் கட்டியபடி, என் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நான் அளந்து விட்டேன், அடித்தேன். அவள் கோப்பையை எட்டிப் பார்த்தாள்.

"மிஸ்ஸி, எண்ணெய் காணாது போல கிடக்கு. இன்னும் கொஞ்சம் விடுங்கோ."

வாசலில் நின்ற டொக்டர் ஞானமுத்து வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்ததை அதற்கு முன்னும் நான் கேட்கவில்லை, பின்னும் கேட்கவில்லை. "அளவோடதான் விடவேணும், தங்கச்சி" என்றேன், எனக்குத் தெரிந்த மிகக் கண்டிப்பான குரலில்.

அன்று பின்னேரம் ஊருக்குத் திரும்பிப் போனோம். பாதையிலேயே வாசம் வந்தது. கடுகு, வெங்காயம், செத்தல் மிளகாய், கருவாடு பொரியும் வாசம். பொங்கலுக்குப் பிறகு தாளிக்காத ஊர், வீட்டுக்கு வீடு தாளித்துக்கொண்டிருந்தது. பறண்களில் இருந்த சத்துமா இறங்கிவிட்டது. தலை ஈரமாக, நெற்றி மஞ்சளாக, பிள்ளைகள் வாசல்களில் இருந்து உருண்டை உருண்டையாகத் தின்றுகொண்டிருந்தன. கட்டாடியாரின் பேத்தி என்னைக் கண்டு வாயிலிருந்ததைக் காட்டினாள்.

அடுத்த கிழமை வேம்பில் தராசைக் கொழுவினேன். முள் ஏறியது. அதற்கு அடுத்த கிழமையும் ஏறியது. கந்தோரில் லொறியை நிறுத்துகிற கதையும் அடங்கியது. கிளியின் கால் வீக்கம் வற்றி, கால் குச்சியானது. அதைப் பார்த்துப் பூமணி பயந்தாள், நான் சந்தோஷப்பட்டேன், அந்த வீக்கம் தண்ணீர்தான் என்று விளக்கினேன். பிறகு அந்தக் குச்சியில் சதை பிடித்தது. ஒரு காலை நான் கோப்பையோடு போகப் பிந்திவிட்டேன். வார்ட்டில் கிளி கிடந்த மூலையிலிருந்து ஒரு கீச்சுக் குரல், முழு ஆஸ்பத்திரிக்கும் கேட்கக் கத்தியது.

"மிஸ்ஸி, ஏன் பிந்தினீங்கள்?"

டொக்டர் என்னைப் பார்த்தார். "பிறகு?" என்றார்.

"பிறகென்ன சேர்," என்றேன், "பிள்ளைக்குப் பசிக்குது." கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.